பெட்டியில் ‘பிரைவசி’, வீதியில் மானம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள், வெள்ளம் வந்தால் நிவாரணம் என்று ஓடித் திரியும் தம்பிமார், விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் வோக்கி டோக்கி வாங்கலாமா என்று யோசிக்கும் அதிபர்மார், ஆசிரியர்மார் எல்லோரும் கடைசி வரை வாசியுங்கள். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. குற்றவாளிப் பட்டியலில் முதலாவது பெயர் எங்களுடையதுதான்.

மாரி வந்தால் கிழக்குக் கரையோரம் எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயல் தண்ணீரும் களப்புத் தண்ணீரும் சேர்ந்து குறுக்குத் தெருக்களுக்குள் வந்துவிடும். கரண்ட் போகும். கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் டவரின் பற்றரியும் இறங்கிவிடும். பிறகு கையில் இருக்கும் போன் வெறும் டோர்ச் லைட்தான்.

இதையெல்லாம் யோசித்துத்தான் வெள்ளத்துக்கு முந்திய மாதம் நாங்கள் ஆறு வோக்கி டோக்கி வாங்கினோம். ஒன்லைனில். ஒரு சோடி பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. விளம்பரத்தில் மூன்று விடயம் பெரிய எழுத்தில் இருந்தது. பல கிலோமீற்றர் தூரம் எடுக்கும். லைசன்ஸ் தேவையில்லை. ‘பிரைவசி கோட்’ இருப்பதால் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. மூன்றையும் நம்பினோம். படித்தவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள், ஒருவராவது இந்தக் கோட் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

வெள்ளம் வந்தது. பள்ளிவாசல் மாடியில் ஒருவர் பட்டியலோடு இருந்தார். மற்ற ஐந்து பேரும் தண்ணீருக்குள். மாடியிலிருந்து இப்படித்தான் அறிவிப்புப் போனது: “ரெண்டாம் குறுக்குத் தெரு, கடைசி வீடு. இன்னாருட ராத்தா. மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிட்டார். பொம்புளப் புள்ளைகள் மட்டும்தான் இருக்கு. ரெண்டு நாளா அடுப்பு மூட்டல்லயாம். பொதி ரெண்டு குடுங்க.”

பெயரைச் சொன்னோம். வீட்டைச் சொன்னோம். ஆம்பிளை இல்லாத வீடு என்றும் சொன்னோம். பசியையும் சொன்னோம். ஒரு இரவில் நாற்பது வீட்டுக்கு மேல் இப்படிச் சொன்னோம். வேலை வேகமாக நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாகச் செய்தோம் என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

தண்ணீர் வடிந்து பாடசாலை திறந்த அன்று, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று இடைவேளையில் எங்களிடம் வந்தான். பின்னேரங்களில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் தூக்குகிறவன்.

“சேர், எங்கட உம்மாட பேர முதலாளிட வோக்கிக்குள்ள கேட்டன். கடையில நின்ட எல்லாரும் கேட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். அழவில்லை. அதற்குப் பிறகு எட்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை, கடைக்கும் போகவில்லை. அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்குப் போன பொதியை அவனுடைய உம்மா வாங்கவில்லை. “தேவைப்படுற வேற ஆக்களுக்குக் குடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினா. பசியைப் போக்கப் போனவர்கள், பசித்த வீட்டின் கதவை மூட வைத்துவிட்டு வந்தோம்.

எப்படி நடந்தது? யாராவது களவாக ஒட்டுக்கேட்டார்களா? இல்லை. அந்தக் கடையிலும் களஞ்சியத்துக்கும் காசு மேசைக்கும் இடையில் கதைக்க அதே வகைப் பெட்டியை வாங்கி வைத்திருந்தார்கள். இந்த மலிவு வகைகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரே சனல்கள், ஒரே கோட்களோடு வருகின்றன. பெட்டியை உடைத்து எடுத்து, திருகி, கதைக்கத் தொடங்கினால், அதே பெட்டியை வாங்கிய எல்லோரும் ஒரே அறைக்குள்தான் இருக்கிறார்கள். நாங்களும் மாற்றவில்லை, அவர்களும் மாற்றவில்லை.

“அப்படியென்றால் கோட்டை மாற்றியிருந்தால் சரிதானே?” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவில் பாதி.

கோட் என்று இவர்கள் விற்பது என்ன? நாம் கதைக்கும்போது, நம் குரலோடு சேர்த்து மிகத் தாழ்ந்த ஒரு முணுமுணுப்பையும் கருவி அனுப்புகிறது. 67 ஹேர்ட்ஸிலிருந்து 254.1 ஹேர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒரு தொனி. கேட்கும் பக்கத்துக் கருவி அந்தத் தொனியை வடித்துவிடுவதால் அது நம் காதில் விழாது. அந்தத் தொனி வந்தால் மட்டும் அந்தக் கருவி தன் ஸ்பீக்கரைத் திறக்கும். வராவிட்டால் மூடியே வைத்திருக்கும். இதன் டிஜிட்டல் வகையும் இருக்கிறது. வேலை ஒன்றுதான்.

கவனியுங்கள். மூடப்படுவது நம் கருவியின் காது. நம் வாயை அது மூடவே இல்லை. நம் குரல் எந்தப் பூட்டும் இல்லாமல், வெறுமையாக, வானத்தில் போகிறது. கோட் வைக்காத கருவி எல்லாவற்றையும் கேட்கும். கோட் வைத்த கருவியிலும் பக்கத்தில் இருக்கும் ‘மொனிட்டர்’ பட்டனை அழுத்தினால் போதும், கோட் காற்றில் பறந்துவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவருடைய வீட்டு விடயத்தை அறிவித்துவிட்டு, நம் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டு ‘இப்ப யாருக்கும் கேட்காது’ என்று நினைத்தால் எப்படியோ, அப்படித்தான் இது.

அடுத்தவர் சத்தம் நம்மைக் கரைச்சல்படுத்தாமல் இருக்கவே இந்த வசதி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சில கம்பனிகள் நேர்மையாக ‘இடையூறு நீக்கும் கோட்’ என்றே பெயர் வைத்திருக்கின்றன. சில கம்பனிகள் வெளியில் பெரிய எழுத்தில் ‘பிரைவசி’ என்று போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கையேட்டில் சிறிய எழுத்தில் இது உங்கள் பேச்சை இரகசியமாக்காது என்று எழுதுகின்றன. வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று. நிறுவையில் மோசடி செய்கிறவனைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியும். சொல்லில் மோசடி செய்து விற்கிறவன் மட்டும் எப்படி யோக்கியனாவான்?

கணக்கையும் பாருங்கள். 22 சனல், 121 கோட். இரண்டையும் பெருக்கி 2662 வழி என்று விளம்பரம் செய்வார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் பெருக்கிப் பார்த்து ஆச்சரியப்படும். உண்மையில் வழி 22தான். ஒரே சனலில் வேறு வேறு கோட் வைத்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் இருவருடைய பேச்சும் முட்டிக்கொள்ளும். கோட் புதிய பாதை வெட்டுவதில்லை. ஒரே பாதையில் போகிறவர்களின் கண்ணைக் கட்டிவிடுகிறது, அவ்வளவே.

தூரத்தைப் பற்றிய கதை இன்னும் வேடிக்கை. பெட்டியில் 30, 35 கிலோமீற்றர் என்று இருக்கும். ஒரு மலை உச்சிக்கும் இன்னொரு மலை உச்சிக்கும் இடையில் அது சரிவரலாம். நம் ஊர் தட்டையானது. கையில் பிடித்திருக்கும் கருவி தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு, பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால், அலை போகும் எல்லை ஏறக்குறைய 5 கிலோமீற்றர். இரு பக்கமும் சேர்த்தால் 10. அதுவும் வெட்டவெளியில். இடையில் சீமெந்துச் சுவர், தென்னந்தோப்பு, மாடிக் கட்டடம் என்று வந்தால் ஒன்று, இரண்டு கிலோமீற்றரில் முடிந்துவிடும்.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 12 மீற்றர் உயரமுள்ள மொட்டை மாடியில் நல்ல அன்டெனா ஒன்றோடு ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். இடையில் தடையில்லாவிட்டால் அவருக்கு நம் கருவியின் அலை ஏறக்குறைய 19 கிலோமீற்றரிலிருந்தும் எட்டலாம். அதாவது, அடுத்த வட்டாரத்தில் நிற்கும் நம் தம்பிக்குக் கேட்காத பேச்சு, மூன்று ஊர் தள்ளியிருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குக் கேட்கும். கேட்பதற்கு அவரிடம் வோக்கி டோக்கிகூட வேண்டாம். விரல் அளவு யூ.எஸ்.பி. டொங்கிள் ஒன்றைக் கணினியில் சொருகினால் போதும். பதிவும் செய்யலாம்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் எங்கள் குழுவுக்குள்ளேயே கேட்டுவிட்டோம்.

முதலாவது பதில்: “நமக்கென்ன ரகசியம் இருக்கு? நாம என்ன களவா செய்றோம்?”

இந்தப் பதில்தான் எங்களுக்கு அதிகம் கோபம் வரவைக்கிறது. நமக்கு இரகசியம் இல்லாமல் இருக்கலாம். நாம் அந்த இரவு காற்றில் விட்டது நம்முடைய இரகசியமா? அது அந்த ராத்தாவுடையது. அது நம்மிடம் அமானிதமாக இருந்தது. அவ தன் கஷ்டத்தைச் சொன்னது பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவரிடம், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. அதை ஊருக்கு ஒலிபரப்ப நமக்கு யார் அனுமதி தந்தது? ஸதகாவை மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை மிம்பரில் கேட்டுக் கேட்டே வளர்ந்த சமூகம் நாம். கொடுத்தவர்களின் பெயரை அவர்கள் கேட்டுக்கொண்டபடி மறைத்தோம். வாங்கியவர்களின் பெயரை மாடியிலிருந்து வாசித்தோம். இது என்ன நீதி?

பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று: ஒரு பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கேட்காதே. சப்பாத்து இல்லை என்றால் தனியே கூப்பிட்டுக் கேள். காசு கட்டவில்லை என்றால் பெயரைப் பலகையில் எழுதாதே. வகுப்பறைக்குள் நாற்பது பேருக்கு முன்னால் செய்யக்கூடாது என்று படித்ததை, வோக்கி டோக்கி கையில் வந்ததும் முழு ஊருக்கு முன்னால் செய்தோம்.

இரண்டாவது பதில்: “அப்ப டிஜிட்டல் வாங்குவோம். அதை யாருக்கும் கேட்க ஏலாது.”

டிஜிட்டல் என்பது பூட்டு என்ற அர்த்தமில்லை. டீ.எம்.ஆர். என்று விற்கப்படும் கருவிகளில் ‘கலர் கோட்’ என்று ஒன்று இருக்கும். 0 முதல் 15 வரை, மொத்தம் 16. இதுவும் முன்னே சொன்ன கோட்டின் தம்பிதான். மறையாக்கம் போடாத டிஜிட்டல் பேச்சைக் கணினியில் இலவச மென்பொருளை வைத்தே கேட்கலாம். சில அனலொக் கருவிகளில் ‘ஸ்கிராம்ப்ளர்’ என்று ஒன்று வரும். குரலின் மேல் ஸ்தாயியைக் கீழாகவும் கீழ் ஸ்தாயியை மேலாகவும் புரட்டிப் போடும். கேட்க வாத்து கத்துவது போல இருக்கும். திருப்பிப் புரட்டினால் பழையபடி குரல்.

உண்மையான பூட்டு என்றால் ஏ.ஈ.எஸ். 256 போன்ற மறையாக்கம், அதற்கு நாமே வைக்கும் சாவி. அது மலிவுப் பெட்டிகளில் எல்லாம் வராது. அதைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்றும் முதலில் கேட்க வேண்டும். வாங்கினாலும் தலையணைக்கடியில் போட்டுத் தூங்கிவிட முடியாது. பல நாடுகளில் பொலிஸாரும் துறைமுகங்களும் பாவிக்கும் டெட்ரா என்ற முறையைப் பற்றி 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டது நினைவிருக்கிறதா? அதன் ஒரு வகையில் 80 பிட் சாவி என்று சொல்லப்பட்டது, உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியால் ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று காட்டினார்கள். கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களின் கதையே அது. நாம் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை நம்பி ஒரு குடும்பத்தின் மானத்தை வைக்கிறோம்.

இன்னொன்று. எந்தப் பூட்டு போட்டாலும் அடுத்த முனையில் கருவி சத்தமாகக் கத்துமென்றால் என்ன பயன்? எங்களுடைய ஐந்து தம்பிமாரும் ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நின்றார்கள். ஹார்ட்வெயார் கடை இல்லாவிட்டாலும், வாசலில் நின்ற அயலவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள்.

மூன்றாவது பதில்: “லைசன்ஸ் எல்லாம் யாரு பாக்குற? எல்லாரும்தானே பாவிக்கிறாங்க.”

பெட்டியில் ‘லைசன்ஸ் தேவையில்லை’ என்று எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் அது வேறு நாட்டுக்கு எழுதியது. அமெரிக்காவில் 462, 467 மெகாஹேர்ட்ஸ் பக்கம் 22 சனலைப் பொதுமக்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 446 மெகாஹேர்ட்ஸில் அரை வொட் கருவிக்கு விட்டிருக்கிறார்கள். அந்த அனுமதி கப்பலில் ஏறி நம் நாட்டுக்கு வராது. இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. அலை எழுப்பும் கருவியை அனுமதிப்பத்திரத்தோடு பாவிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இறக்குமதிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் 2019ஐ நினையுங்கள். ஏப்ரல் 21க்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த வாரங்களை மறந்துவிட்டோமா? அரபு எழுத்துள்ள கிதாபை எங்கே வைப்பது என்று தெரியாமல் நம் உம்மாமார் தவித்ததை மறந்துவிட்டோமா? அந்த மே மாதத்தில் ஹசலக்கையில், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கைது செய்து மறியலில் வைத்தார்கள். உடுப்பில் இருந்த சுக்கானுக்கே அந்தக் கதி என்றால், பள்ளிவாசல் மாடியில் அனுமதியில்லாத ஆறு வோக்கி டோக்கி கண்டெடுக்கப்பட்டது என்ற தலைப்புச் செய்தி எப்படியிருக்கும்? நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் அந்த அநியாயத்துக்கு நம் கையாலேயே சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

இன்னும் பாரதூரமான பக்கமும் உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் எங்கேயும் கதைக்கக் கூடியவை. கடலில் ஆபத்தில் இருக்கும் படகு உதவி கேட்கும் 16ஆம் சனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், அதற்குள்தான் வருகிறது. விளங்காமல் எண்ணை அழுத்தி விளையாடும் தம்பி ஒருவன் அந்த இடத்தில் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றால், கடலில் ஒரு வாப்பாவின் கடைசிக் கூப்பாடு கரைக்கு வராமல் போகலாம். கடலை நம்பிச் சாப்பிடும் ஊர்கள் நம்முடையவை. இது நமக்குச் சொல்லித் தர வேண்டிய விடயமா?

அப்படியென்றால் வோக்கி டோக்கியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாட்கணக்கில் தடுக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எல்லாத் தொடர்பும் அறுந்து கிடந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள். இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்க போன்றவர்கள் அந்த வேலையில் நின்றார்கள். பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, அழைப்புக் குறியோடு கதைக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் யாரும் தங்கள் பேச்சு இரகசியம் என்று நினைப்பதில்லை. எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்தே, அதற்கேற்ற மாதிரிக் கதைக்கிறார்கள். நாம் பழக வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

எங்கள் தவறிலிருந்து நாங்கள் எடுத்த முடிவுகளைக் கீழே தருகிறோம். வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கடிதம், பிறகு காசு. பள்ளிவாசல், பாடசாலை அல்லது சங்கத்தின் பெயரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். எந்தக் கருவி, எந்த அலைவரிசை, எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் பதில் எடுங்கள். அதற்குப் பிறகு, விற்பனை அனுமதியுள்ள கடையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். எங்களுடைய ஆறு பெட்டியும் இப்போது பற்றரி கழற்றி அலுமாரியில் இருக்கின்றன. கடிதம் போயிருக்கிறது. பதில் வரும் வரை தொடமாட்டோம்.

2. பெட்டியிலுள்ள கிலோமீற்றரைப் பார்க்க வேண்டாம். இரண்டு கருவியை வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்த பிறகு, வெள்ளம் வரும் முன்னரே, ஊரின் எந்தத் தெருவில் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையை உயர்தர மாணவர்களிடம் கொடுத்தால் நல்ல செயற்திட்டமாகவும் ஆகும்.

3. கோட் எத்தனை என்று கேட்பதை விடுங்கள். பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும், மேலதிகப் பற்றரி கிடைக்குமா, கரண்ட் இல்லாத இடத்தில் பவர் பேங்கில் சார்ஜ் போடலாமா என்று கேளுங்கள். தண்ணீரில் விழுந்தால் தாங்குமா என்றும் கேளுங்கள். ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்க வேண்டும். வெள்ளத்துக்கு வாங்குகிற கருவிக்கு அது அவசியம்.

4. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இயர்போன். செலவு சொற்பம். பிரைவசிக்கென்று உருப்படியாகக் காசு செலவழிக்க விரும்பினால் முதலாவது செலவு இதுதான். ஆயிரம் கோட் செய்யாததை ஒரு இயர்போன் செய்யும்.

5. சிம் போட்டுக் கதைக்கும் வோக்கி டோக்கியும் வருகிறது. தூரம் பிரச்சினையில்லை. ஆனால் டவர் விழுந்தால் அதுவும் விழும். பேச்சும் யாரோ ஒருவருடைய சேர்வர் வழியாகத்தான் போகிறது. வெள்ளத்துக்கு அது மாற்று ஆகாது.

6. பெயர் சொல்லக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம். பட்டியலின் பிரதி காகிதத்தில், பொலித்தீன் உறைக்குள், பொறுப்பானவரின் சட்டைப் பைக்குள். வானொலியில் போவது “பதினேழு, ரெண்டு” மட்டும். பதினேழாம் இலக்க வீடு, இரண்டு பொதி. யார், ஏன், புருஷன் இருக்கிறாரா, இத்தாவில் இருக்கிறாவா, நோயாளியா, எதுவும் வாயில் வரக்கூடாது. வேலை முடிந்ததும் பட்டியலைத் திரும்ப வாங்கி எரித்துவிடுங்கள். அடுத்த தடவை புதிய இலக்கம்.

7. பாடசாலைச் சுற்றுலாவிலும் இதே சட்டம். “இன்ன பிள்ளைக்கு வலிப்பு வந்திட்டு”, “இன்ன பிள்ளை பஸ்ஸில சத்தி எடுத்திட்டு”, “இன்ன பொம்புளப் புள்ள தனியா வாசல்ல நிக்குது” என்று வோக்கியில் கதைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது வெறும் மானப் பிரச்சினை இல்லை, அது அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தற்செயலாகக் காதில் விழுந்தது குற்றமில்லை. விழுந்ததும் திருகியை அடுத்த சனலுக்கு மாற்றியிருக்கலாம். சத்தத்தைக் கூட்டி வைத்து, கடையில் நின்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தது எந்தக் கணக்கில் சேரும்? அடுத்தவர் குறையைத் துருவுவதும், கேட்டதைக் காவித் திரிவதும் பற்றி நாம் படிக்காததா? சொன்ன நாங்களும் கேட்ட நீங்களும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையை எட்டு நாள் வீட்டுக்குள் உட்கார வைத்தோம்.

விற்கிற சகோதரர்களுக்கும் சொல்கிறோம். நம்மவர்களே நிறையப் பேர் இந்த வியாபாரத்தில் இருக்கிறீர்கள். “யாரும் ஒட்டுக்கேட்க முடியாது” என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். “வேறு ஆட்களின் சத்தம் குறையும்” என்று உண்மையைப் போடுங்கள். லைசன்ஸ் விடயத்தையும் சேர்த்துப் போடுங்கள். விற்பனை கொஞ்சம் குறையலாம். பரக்கத் குறையாது.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் போனோம். பொதி எதுவும் கொண்டு போகவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அவனுடைய உம்மா கதவின் உள்ளே நின்றே கதைத்தா. “நீங்க நல்லத நினைச்சித்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா இனி யாருட வீட்டுக் கதையையும் அப்பிடிச் சொல்லாதீங்க” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கள் அவன் வகுப்புக்கு வந்தான். கடைசி வாங்கில் உட்கார்ந்தான். முன்பு இரண்டாவது வாங்கில் இருந்தவன்.

வரும் மாரிக்கு முன்னர் நிருவாக சபைக் கூட்டங்களில் இந்த விடயத்தை எடுங்கள். பெட்டி வாங்கும் முன் பேச வேண்டியதைப் பேசி முடியுங்கள். அல்லாஹ் நம் குறைகளை மறைத்து வைத்திருப்பது போல, அடுத்தவர் குறைகளை மறைக்கும் மனதை நமக்கும் தரட்டும். ஆமீன்.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.